நகர வரலாறு, பக்கம் 162

வப்னியார்ஸ்க்
செப்டம்பர் 9, 2024

ரொதியோன்,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பொல்தாவாவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்று லெவ்கோ சொன்னான். இங்கே வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் நம் நீரேற்று நிலையத்தின் மேல் இரண்டு குண்டுகள் விழுந்தன. ஆறு மோட்டார்களில் நான்கு போயின. மீதி இரண்டை நானும் குஸ்மாவும் ஒட்டுப்போட்டு ஓட்டினோம். உனக்குக் குஸ்மாவை நினைவிருக்காது. நம் நீர்வாரியத்தின் குழாய்ப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவன். ஆகஸ்டில் மின்கம்பியும் அறுந்தது, பெரிய கால்வாயும் வறண்டது. கிரமாதோர்ஸ்கிலிருந்து லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. போன வாரம் ஒரு ட்ரோன் அந்த லாரியையும் எரித்துவிட்டது. ஓட்டுநர் குதித்துத் தப்பினார்.

இப்போது ஜனங்கள் சோடா உப்பு ஆலையின் பழைய கழிவுக் குட்டையில் வாளி விடுகிறார்கள். முப்பத்தேழு வருடம் நீர்ச் சோதனைக்கூடத்தில் இருந்தவள் நான். அந்தக் குட்டையில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொதிக்க வைத்தாலும் போகாதவை. இன்னும் மூவாயிரம் பேர் இங்கே இருக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், அவர்களை விட்டுப் போக முடியாதவர்கள், என்னைப் போன்ற பிடிவாதக்காரர்கள்.

நீ 2022 மார்ச்சில், ரஷ்யப் படை நெருங்கியபோது, அருங்காட்சியகத்திலிருந்து பத்தொன்பது பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனாய். அதில் ஒன்றில் பெல்ஜியக்காரர்கள் வெட்டிய தண்ணீர்ச் சுரங்கத்தின் வரைபடம் இருக்க வேண்டும். அந்தச் சுரங்கம் சாகவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அதன் பிரதி வேண்டும், உடனே.

தொலைபேசி வேலை செய்யவில்லை. லெவ்கோ ரொட்டி வண்டியில் செவ்வாயும் வெள்ளியும் கிரமாதோர்ஸ்கிலிருந்து வருகிறான். அவன் பெயருக்கு அங்கே தபால் நிலையத்தில் அனுப்பு, கொண்டு வந்து தருவான்.

அப்பாவைப் பற்றி எதுவும் கேட்காதே. பெட்டிகளுக்கு வண்டியில் இடம் இருந்தது, அவருக்கு இருக்கவில்லை. அவ்வளவுதான்.

நோன்னா


பொல்தாவா
செப்டம்பர் 17, 2024

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்துவிட்டேன். பிரித்த பிறகு, பிரிக்காமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. ஆனாலும் நீ எழுதினாயே.

கேட்காதே என்றாய். கேட்கவில்லை, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்ததை எனக்குத் தெரிவித்தது நீ இல்லை. நம் ஊர்க்காரர்களின் இணையக் குழுவில் தெருக்கோடி வீட்டுப் பெண் எனக்கு ஆறுதல் எழுதியிருந்தாள். எதற்கு ஆறுதல் என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குள் அடக்கம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

வரைபடம் ஏழாவது பெட்டியில் இருந்தது. 1898ஆம் வருடத்தது. பிரெஞ்சில் எழுதியிருப்பதையெல்லாம் ஓரத்தில் நம் மொழியில் எழுதியிருக்கிறேன். சுண்ணாம்புக் குன்றின் அடியில் அறுநூற்று நாற்பது மீட்டர் நீளம். ஆள் குனிந்து நடக்கலாம். குன்றில் ஊறும் நீர் தானாகவே சரிந்து கண்ணாடி ஆலையின் வாசல்வரை வரும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பெல்ஜியக்காரர்கள் ஆலை கட்ட வந்தபோது அங்கே சுண்ணாம்பு இருந்தது, மணல் இருந்தது, பக்கத்திலேயே நிலக்கரியும் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. அதனால் ஆலையின் புகைபோக்கியை எழுப்பும் முன்பே சுரங்கத்தை வெட்டினார்கள். நம் ஊர் பிறந்ததே அந்தச் சுரங்கத்தின் வாயில்தான்.

ஆனால் என் நகர வரலாற்றுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேனே, 1941 அக்டோபரில் ஜெர்மானியர்கள் நெருங்கி நம் சோவியத் படை பின்வாங்கியபோது அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நீ தோண்டப்போவது கல்லறையைத்தான் என்று நினைக்கிறேன். ஆலை வாசலில் வடக்குத் தூணிலிருந்து பன்னிரண்டு மீட்டர். கவனமாக இரு.

ரொதியோன்


வப்னியார்ஸ்க்
அக்டோபர் 2, 2024

ரொதியோன்,

வடக்குத் தூணிலிருந்து பன்னிரண்டு மீட்டர். நான்கு நாள் தோண்டினோம். நான், குஸ்மா, பேக்கரியில் வேலை செய்த இரண்டு பெண்கள். மூன்று மீட்டர் ஆழத்தில் உன் சுரங்கத்தின் வாய் இருந்தது. வாய் நிறையக் கல். யானை படுத்த மாதிரி பாறைகள். அவற்றை நகர்த்த இயந்திரம் வேண்டும், இயந்திரத்தைக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் மேலே ட்ரோன் வந்து நிற்கும்.

நான்காம் நாள் பீரங்கிக் குண்டு ஒன்று வேலியோரம் விழுந்து, சிதறிய துண்டு குஸ்மாவின் இடது முழங்கையைக் கிழித்தது. கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது அவன் சொல்கிறான்: "நோன்னா பாவ்லிவ்னா, உங்க தம்பி அனுப்பின படம் சரியாத்தான் இருக்கு. ஊருதான் தப்பான இடத்துல இருக்கு." அவனுக்கு ரத்தம் போகும்போதுதான் வேடிக்கை வரும்.

ஆக, வாய் தகர்ந்ததென்று நீ எழுதியது உண்மை. ஆனால் அப்பா பொய் சொல்கிறவரில்லை. "வாய்தான் போச்சு, வயிறு இருக்கு" என்பார். பதினேழு வயதில் அவர் நீர்வாரியத்தில் சேர்ந்தபோது அவருக்குக் குழாய் வேலை பழக்கியவர் புரோகிப் ஜுர்பா. உன் புத்தகத்தின் 162ஆம் பக்கத்தில் வருகிற அதே புரோகிப். "நீர்வாரிய மேலாளர் பு. ஜுர்பா ஆக்கிரமிப்பாளர்களுக்குத் தண்ணீர் வழங்கி அவர்களுக்குச் சேவை செய்தார். 1943இல் தண்டனை பெற்றார்." எனக்கு மனப்பாடம். புத்தகம் வெளிவந்த அன்றைக்கு அப்பா இந்த வரியை மூன்று முறை சத்தமாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அதற்குப் பிறகு பதினொரு வருடம் அவர் உன்னிடம் பேசியது வானிலையைப் பற்றி மட்டும்தான்.

அவரிடம் நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். புரோகிப் வெடிவைத்த கதை என்ன, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று. நீ கேட்கவில்லை. ஊரைவிட்டுப் போன அன்றும் வாசல்படி ஏறி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. நான் மூன்று நாளாக நிலையத்திலேயே கிடந்தேன். திரும்பி வந்தபோது அவர் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். "ரொதியோன் வந்தானா?" என்று கேட்டேன். "கெட்டிலை வை" என்றார்.

உன் பெட்டிகளில் வேறு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் இல்லை என்று எழுது. நேரத்தை வீணாக்காதே.

நோன்னா


பொல்தாவா
அக்டோபர் 9, 2024

அக்கா,

குஸ்மாவின் கைக்கு மருந்து இத்துடன் வைத்திருக்கிறேன். வேளைக்கு ஒன்று, ஏழு நாள்.

நீ எழுதியதில் ஒன்று தவறு. நான் வாசல்படி ஏறினேன். கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றார்.

"நான்தாம்ப்பா. ரொதியோன்."

"புரோகிப்பைப் பத்தி எழுதின ரொதியோனா?"

தெருவில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "பெட்டியெல்லாம் ஏத்தியாச்சா?" என்று கேட்டார்.

"ஏத்தியாச்சுப்பா. முன்சீட்ல உங்களுக்கு இடம் வெச்சிருக்கேன். வாங்க."

"அதுல இன்னொரு பெட்டிய வை" என்றார். தாழ்ப்பாள் விலகவில்லை. அரை மணி நேரம் நின்றேன். ஓட்டுநர் வந்து தோளைத் தொட்டார். முன்சீட்டில் அப்பா சொன்னபடி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஏழாவது பெட்டி அதுதான்.

இதை இரண்டரை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரோகிப்பின் வழக்குக் கோப்பை நான் 1994இல் முழுவதும் படித்திருக்கிறேன். விசாரணையில் அவர் சொன்னது அதில் இருக்கிறது. சுரங்கம் முழுவதையும் தகர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. வெடிமருந்தும் கொடுத்தார்கள். அவர் வாயை மட்டும் தகர்த்துவிட்டு, முழுவதும் முடிந்ததாக அறிக்கை கொடுத்தார். "ஊரில் இருபதாயிரம் பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்கள் எதைக் குடிப்பார்கள்?" என்று விசாரணை அதிகாரியைக் கேட்டிருக்கிறார். இரண்டு குளிர்காலம் ஊர் ஜனங்கள், சுரங்கத்துக்குள் மேலிருந்து இறங்கும் ஏதோ ஒரு ஆய்வுக்குழி வழியாகத் தண்ணீர் இறைத்தார்கள். ஜெர்மானியர்களும் இறைத்தார்கள். நம் படை திரும்பி வந்ததும் அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகப் பத்து வருடம் கொடுத்தார்கள்.

புத்தகத்தில் முதல் வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன், போன கடிதத்திலும் உனக்கு எழுதாமல் விட்டேன். 2011இல் ஊர் ஆண்டு விழாக்குழுவில் ஒருவர் "இந்த ஆளப் பத்தி ஒரு வரி போதும், கொண்டாட்டப் புத்தகம் இது" என்றார். நான் தலையாட்டினேன். வற்புறுத்தியிருந்தால் அவரும் விட்டிருப்பார். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. உண்மையில் நடந்தது அவ்வளவுதான்.

ஆய்வுக்குழி எங்கே என்று கோப்பில் இல்லை. 1898 வரைபடத்தில் ஒரு புகைபோக்கியிலிருந்து அளந்து குறித்திருக்கிறார்கள். அந்தப் புகைபோக்கி போரில் விழுந்தது, அடித்தளத்தின் மேல் குடியிருப்புகள் வந்துவிட்டன. அங்கே இறைத்த பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. தெரிந்திருக்கக் கூடியவர் ஒருவர்தான், புரோகிப்பின் மகள் மெலானியா. எண்பத்தெட்டு வயது. மிர்ஹொரோதில் அகதிகள் விடுதியில் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். புத்தகம் வெளிவந்த மாதம் அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பினார். 162ஆம் பக்கத்தைக் கத்திரியால் நேராக வெட்டி எடுத்திருந்தார். கடிதம் எதுவும் வைக்கவில்லை.

நாளைக் காலை ரயிலில் அவரைப் பார்க்கப் போகிறேன்.

ரொதியோன்


மிர்ஹொரோத் ரயில் நிலையம்
அக்டோபர் 11, 2024

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. இடம் தெரிந்துவிட்டது. நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றே அனுப்பினால் செவ்வாய்க்கிழமை லெவ்கோவின் கையில் இருக்கும்.

நேற்று அவர் அறைக்கதவைத் தட்டினேன். பெயரைச் சொன்னேன். சிறிய உருவம், முதுகு மட்டும் கம்பி மாதிரி நேராக இருக்கிறது. உள்ளே வரச் சொல்லவில்லை.

"மியூசியக்காரரா? பக்கத்தை வெட்டின கத்திரி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. பாக்கறீங்களா?"

"மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன், மெலானியா புரோகோபிவ்னா."

"எங்கப்பாவோட பேப்பரெல்லாம் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்ப? எழுதறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"படிக்காத முட்டாள்னு இவ்ளோ நாள் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "பரவால்லன்னு விட்டிருந்தேன். இப்ப அதுவும் போச்சு." கதவைச் சாத்திவிட்டார்.

பொல்தாவாவுக்குத் திரும்பவில்லை. விடுதிக் காவலாளி ஒரு பெஞ்சைக் காட்டினார், படுத்துக்கொண்டேன். காலையில் மறுபடி தட்டினேன். இந்த முறை மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை. வப்னியார்ஸ்கில் மூவாயிரம் பேர் சோடாக் குட்டைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஆய்வுக்குழி எங்கே என்று தெரிந்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும், தோண்டுவது என் அக்கா என்றேன். கதவு முழுவதும் திறந்தது.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே, மடையா. மன்னிப்புக் கேக்க வந்தவன்னுதான் வெளிய நிறுத்தினேன். தண்ணி கேட்டு வந்தவன எங்கப்பா ஒருநாளும் திருப்பி அனுப்பினதில்ல."

தேநீர் கொடுத்தார். பிறகு சொன்னார். நான் அப்படியே எழுதுகிறேன், நீ ஒன்றையும் தவற விடக்கூடாது.

1953இல் புரோகிப் சிறையிலிருந்து வந்தார். ஊர்ப் பொதுக் குளியல்கூடத்துக்குப் பின்னால் குன்றின் சரிவில் ஏறிப்போகும் நிலக்கரிக் கொட்டகைகள் ஞாபகமிருக்கிறதா? அப்போதுதான் புதிதாகக் கட்டி, வீட்டுக்கொன்றாகக் கொடுத்தார்களாம். எல்லோரும் கீழே, வீட்டுப்பக்கம் இருக்கிறதைக் கேட்டு அடித்துக்கொண்டார்கள். புரோகிப் மேலே கடைசியில் இருந்த பதினேழாம் எண்ணைக் கேட்டு வாங்கினார்.

"எங்கம்மா தலையில அடிச்சிக்கிட்டாங்க. பனியில அவ்ளோ தூரம் யாரு கரி சுமக்கறதுன்னு. அவரு அங்க கரியே வெக்கல. கரி வீட்டுத் தாழ்வாரத்துல கெடந்துச்சு. கொட்டகை காலியாவே இருந்துச்சு, தரையில ஒரு இரும்புத் தகடு. ஞாயித்துக்கிழமை ஆனா போயி ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வருவாரு. அங்க எவளோ இருக்கான்னு அம்மாவுக்குச் சந்தேகம். ஒருநாள் என்னை வேவு பாக்க அனுப்பினாங்க. போயிப் பாத்தா, மனுஷன் தகட்டு மேல காதை வெச்சிப் படுத்திருந்தாரு."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். 'ஓடுதான்னு பாக்கறேன்'னாரு. எதுன்னு நான் கேக்கல. பத்து வருஷம் உள்ள இருந்துட்டு வந்த வீட்ல யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கறதில்ல."

பதினேழாம் எண், அக்கா. குளியல்கூடச் சுவரிலிருந்து எண்ணு.

ரொதியோன்


வப்னியார்ஸ்க்
நவம்பர் 4, 2024

தம்பி,

தண்ணீர் வந்துவிட்டது.

முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி வரிசையாகச் சொல்கிறேன். கொட்டகைகள் பாதி எரிந்து கிடந்தன. குளியல்கூடச் சுவரிலிருந்து அடித்தளக் கற்களை எண்ணிக்கொண்டே போனேன். பதினேழாவதை யாரோ எண்பதுகளில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதற்காகச் சிமென்ட் பூசியிருந்தார்கள். மூடுபனிக்காகக் காத்திருந்தோம். மூடுபனியில் ட்ரோன் பறக்காது. எங்களுக்கு இப்போது அதுதான் நல்ல வானிலை. அக்டோபர் 24ஆம் தேதி காலையில் இறங்கியது, ஐந்து நாள் எழும்பவில்லை. கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்த ஐந்து நாளும் பேக்கரிப் பெண்கள் இருவரும் என்னைவிட வேகமாகத் தோண்டினார்கள். மாவு பிசைந்த கைகள்.

சிமென்டுக்குக் கீழே இரும்புத் தகடு. அதற்குக் கீழே மண். இரண்டரை மீட்டரில் செங்கல் தட்டுப்பட்டது. தம்பி, நான் எத்தனையோ கட்டுமானத்தைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆள் படுத்தால் மறைக்கும் அளவு வட்டம். நடுவில் உயர்ந்து கவிழ்த்த கிண்ணம் மாதிரி. சாந்து ஒரு இடத்தில்கூட உதிரவில்லை. அவசரத்தில் மூடியவன் வேலையில்லை அது. மறுபடி திறக்கப்போகிறவன் மூடிய மூடி. உச்சியில் ஒரு ஓக் மரத்தக்கை, என் கைமுட்டி அளவு. அதைச் சுற்றித் தார் பூசியிருந்தது.

குஸ்மா ஒற்றைக் கையால் சுத்தியலை வைத்துத் தட்டினான். மூன்றாவது தட்டில் தக்கை உள்ளே போனது. விழும் சத்தம் கேட்க வேண்டுமே என்று நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். கேட்டது. தண்ணீரில் விழுந்த சத்தம். அதற்குப் பிறகு ஓடுகிற சத்தமும் கேட்டது. உள்ளே இருந்து வந்த காற்று பாதாள அறைக் காற்று மாதிரி குளிர்ந்திருந்தது.

நான் அழவில்லை. குஸ்மா அழுதான், கை வலித்திருக்கும்.

சோதனைப் பெட்டி என் வீட்டிலேயே இருந்தது. சுண்ணாம்பு அதிகம், கெட்டிலில் ஒரு மாதத்தில் ஓடு கட்டும். மற்றபடி சுத்தம். எண்பது வருடமாக யாரும் தொடாத தண்ணீர். இருந்தாலும் குளோரின் போட்டுத்தான் விடுகிறேன். குளியல்கூடம் சரிவில் கீழே இருப்பதால் மோட்டார் தேவைப்படவில்லை. குழாயை உள்ளே விட்டு, லாரி டாங்கியிலிருந்து டீசல் உறிஞ்சுவது போல ஒரு முறை இழுத்துவிட்டோம். தானாகவே வந்துகொண்டிருக்கிறது. குளியல்கூடத்தின் அடித்தளத்தில் நான்கு குழாய்கள். மேலே இரண்டு அடிக் கான்கிரீட், அதனால் வரிசையில் நிற்பவர்களுக்கும் பாதுகாப்பு. முதல் நாள் அறுபது பேர் வந்தார்கள். இன்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சோடாக் குட்டைக்குப் போகும் பாதையில் பனி விழுந்து கிடக்கிறது, அதில் ஒரு கால்தடம்கூட இல்லை.

இப்போது அப்பா விஷயம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் கதவைத் திறக்காத கதையை என்னிடமிருந்தும் மறைத்துவிட்டார். வீம்பு பிடித்த மனுஷன். நானும் அவருக்குக் குறைந்தவளில்லை. கடைசி வாரத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி. "அவனுக்குப் போன் போடு" என்றார். "எவனுக்கு?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் போடலாம் என்று நினைத்தேன். மறுநாள் செல்பேசிக் கோபுரம் விழுந்து சிக்னல் போனது. நான்காம் நாள் அவர் போனார். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே இருந்துவிட்டேன். உன்மேல் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

அவர் உன்னைக் கேட்டார், ரொதியோன். அது உன் சொத்து. இரண்டு வருடமாக நான் வைத்திருந்தேன். இப்போது உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு அங்குலக் குழாய்க்கு ரப்பர் வளையம் இருபது வேண்டும். ஒன்றரை அங்குலம் அனுப்பிவிடாதே.

நோன்னா


பொல்தாவா
நவம்பர் 15, 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தின் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு அன்று முழுவதும் நடந்துகொண்டிருந்தேன். எங்கே போனேன் என்று தெரியாது. கால் வலித்ததும் ஒரு தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பத்தி.

தண்ணீர் வந்த செய்தியை நானே மிர்ஹொரோதுக்குப் போய்ச் சொன்னேன். அவர் சன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை. "மூடி எப்படி இருந்துச்சாம்?" என்றுதான் முதலில் கேட்டார். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். கவிழ்த்த கிண்ணம், ஓக் தக்கை, தார். "ஆமா, அவரு அப்படித்தான் செய்வாரு" என்றார். அப்புறம் ஒரு கிழங்கைத் தேவைக்கு மேல் ரொம்ப நேரம் உரித்தார்.

162ஆம் பக்கத்தைப் புதிதாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்தேன். "வீரர் புரோகிப் ஜுர்பா" என்று தொடங்கியிருந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வீரர எடுத்துடு."

"ஏன்? அவர் செஞ்சது..."

"வீரன்னு போட்டா படிக்கிறவன் சிலை வெச்சிட்டு மறந்துடுவான். அவரு குழாய்க்காரரு. குழாய்க்காரர்னு போடு. ஊருக்குத் தண்ணி நிக்கக்கூடாதுங்கறது அவரு வேலை. வேலையச் செஞ்சாரு. அதுக்குப் பத்து வருஷம் போட்டாங்க. அதையும் போடு. எந்த முகாம்னும் போடு."

போட்டேன். கடைசி வரியைப் படிக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. "இந்த உண்மைகள் அனைத்தும் 1994 முதல் இந்நூலாசிரியருக்குத் தெரியும், 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் அவற்றை மறைத்தார்." அதை எடுக்கச் சொல்வார் என்று மனதின் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது என்பதை உன்னிடம் ஒளிக்க மாட்டேன்.

"அது இருக்கட்டும்" என்றார். "நல்லா இருக்கு."

புறப்படும்போது ஒரு பை நிறைய உரித்த கிழங்கைக் கொடுத்து, "ரயில்ல கெட்டுடும், சீக்கிரம் சமைச்சிடு" என்றார். கத்திரியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இங்கே அச்சகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் தனித்தாளாகப் பத்து பிரதி அடித்தேன். புத்தகமாக எப்போது வரும் என்று தெரியாது. ஊரில் ஒரு பிரதியை நீ எங்கே வேண்டுமானாலும் ஒட்டு. ரப்பர் வளையம் முப்பது வைத்திருக்கிறேன். இரண்டு அங்குலம். கடையில் அளந்து பார்த்தேன், வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தேன்.

ரொதியோன்


வப்னியார்ஸ்க்
டிசம்பர் 3, 2024

தம்பி,

வளையங்கள் பொருந்துகின்றன.

தாளைக் குளியல்கூட அடித்தளத்தில் குழாய்களுக்கு மேலே ஒட்டினேன். கேன் நிரம்ப இரண்டு நிமிடம் ஆகும், அதற்குள் படித்துவிடலாம். நீ மறைத்ததாக எழுதிய வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடி ஆலை ஃபோர்மேன் ஒருத்தர், "இந்த ஆளு உங்க தம்பிதானே?" என்றார். ஆமாம் என்றேன். "எழுதிட்டானே" என்றார். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் தாளின் கீழே பென்சிலில் ஒரு வரி இருந்தது. "என் அம்மாவும் 42இல் இந்தத் தண்ணீரைத்தான் எடுத்தாள். இரவில் அல்ல, பகலில்." கையெழுத்து யாருடையது என்று தெரியாது. மறுநாள் அதன் கீழே இன்னொன்று. "எங்கள் வீட்டில் ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்தோம்." பிறகு ஒருவர், "என் தாத்தாதான் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவரும் இதே தண்ணீரைக் குடித்தார்" என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறார். பென்சிலை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, நூலில் கட்டிக் குழாயில் தொங்க விட்டிருக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது இப்போது பேச்சு முழுவதும் அதுதான். குண்டு எங்கே விழுந்தது என்ற பேச்சு இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது. நேற்று இரண்டு கிழவர்கள் 1943 மார்ச்சில் பனி உருகியது எந்த வாரம் என்று சண்டை போட்டுக்கொண்டு, கேன் வழிவதைக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் குழாயை மூடினேன்.

நீ எப்போதாவது வர நினைத்தால், லெவ்கோவின் வண்டியில் முன்சீட் காலியாகத்தான் இருக்கிறது என்கிறான். மூடுபனி நாளாகப் பார்த்து வா. அப்பாவின் கல்லறையைக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓரம், மேல், கீழ் எல்லாம் எழுதித் தாளில் இடம் தீர்ந்துபோய், ஜனங்கள் சுவரில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சுவர் ஈரம், நிற்காது.

பெரிய தாளாக அனுப்பு.

நோன்னா